ஒட்ட அனுமதி இல்லை

"ஏங்க, சீக்கிரம் வாங்க. நம்ம கேட்டுல எவனோ கக்கூஸ் அடைப்ப ஒட்டிட்டுப் போயிருக்கான்!"

மனைவியின் குரல் கேட்டு, வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக சர்குலர் வாசலுக்கு ஓடி வந்தார்.

கேட்டின் நட்டநடுவில் மஞ்சள் காகிதம் ஒன்று பளிச்சென்று ஒட்டியிருந்தது. 'கழிவறை அடைப்பா? கவலையை விடுங்கள்!' என்று கேட்டு, கீழே ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தது. பசை இன்னும் காயாமல் கரும்பச்சைப் பெயின்ட்டில் கோடாக வழிந்துகொண்டிருந்தது. பெயின்ட்டே அடித்து ஒரு வாரம் ஆகவில்லை.

அது சாதாரண கேட்டும் அல்ல. மனைவியின் அண்ணன் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். தங்கை புது வீட்டுக்குக் குடிவந்தபோது, வேலையாட்கள் யாரையும் தொடவிடாமல் தன் கையாலேயே வெல்டிங் வைத்துச் செய்து கொடுத்த கேட்டு. பல வருடங்களுக்குப் பிறகு அந்த அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதற்காகத்தான் அவள் பெயின்டரின் பக்கத்திலேயே நின்று இரண்டு பூச்சு வாங்கியிருந்தாள்.

"சுரண்டிப் போடுங்க, காயறதுக்குள்ள" என்றாள்.

சர்குலர் நுரையைத் துப்பிவிட்டு வந்தார். "சுரண்டறது தீர்வு இல்ல. இன்னிக்கு இவன், நாளைக்கு இன்னொருத்தன். பிரச்சினையோட வேர்ல கை வைக்கணும்."

"வேர்ல அப்புறமா வைங்க. இப்ப நகத்த வைங்க."

அவர் நகத்தை வைக்கவில்லை. பேனாவை எடுக்க உள்ளே போனார். காகிதத்தை மனைவிதான் ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தாள்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு வீணாக்கியதில்லை. நிர்வாகப் பிரிவில் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கையாக ஒரு சர்குலர் விடுவார்; பெயரும் அதுவே ஆகிவிட்டது. 'குடிநீர்க் குவளையைப் பயன்படுத்தியபின் கவிழ்த்து வைப்பது தொடர்பாக' ஒன்று. 'லிஃப்ட்டிலிருந்து இறங்குபவர்களுக்கு வழிவிடுதல் தொடர்பாக' ஒன்று. இவற்றை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்ததும், 'சர்குலர்களைப் படித்தல் தொடர்பாக' என்று ஒன்று. படித்தவர்கள் கீழே கையெழுத்திட வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். ஒரே ஒரு கையெழுத்து இருந்தது, அவருடையது. மற்றவர்கள் மத்தியானம் டிபன் பாக்ஸுக்கு அடியில் விரித்துக்கொள்ள அதைத்தான் தேடினார்கள், தாள் கொஞ்சம் கெட்டி என்பதால்.

தன் எழுத்தை யாராவது நின்று படிக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்கு எழுத்தைச் சுருக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

காபி ஆறுவதற்குள் வாசகம் தயாராகிவிட்டது. மனைவியிடம் உரக்கப் படித்துக் காட்டினார்.

"இதனால் பொதுமக்கள் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில், மேற்படி இல்லத்தின் முகப்பு வாயிற்கதவில் விளம்பரம் ஒட்ட அனுமதி இல்லை. மீறுவோர்மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, இல்ல நிர்வாகம்."

"இல்ல நிர்வாகம்னா? நிர்வாகம் இல்லைன்னா?"

"இல்லத்தின் நிர்வாகம்!"

"அதையேதான் நானும் சொல்றேன்" என்று அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒற்றை அறை, ஓயாமல் முனகும் ஒரு இயந்திரம், சூடான பிளாஸ்டிக் வாசனை. கடைக்காரர் வாசகத்தை முதல் வரிவரை படித்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை.

"அடிச்சிடலாம் சார். ஃபினிஷ் என்ன போடட்டும்?"

ஸ்டிக்கருக்கு ஃபினிஷ் என்று ஒன்று இருப்பதே சர்குலருக்கு அந்த நொடியில்தான் தெரியும். ஆனால் தெரியாது என்ற சொல்லை அவர் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டவர்.

"பொதுவா இந்த மாதிரி நிர்வாக விஷயங்களுக்கு என்ன போடறாங்க?" என்று கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

கடைக்காரர் அவரை மேலிருந்து கீழ்வரை அளந்தார். "மேட் போடுங்க சார். பெரிய பெரிய ஆபீஸெல்லாம் மேட்தான். பளபளன்னு அடிக்காது. அடக்கமா, மரியாதையா இருக்கும்."

"எனக்கும் அதான் தோணிச்சு" என்றார் சர்குலர்.

சாயங்காலம் மேட் ஸ்டிக்கர் கேட்டில் ஏறியது. ஸ்கேல் வைத்து அளந்து, நீர்க்குமிழி விழாமல் தேய்த்து, நாலடி பின்னால் நகர்ந்து ரசித்தார்.

"ஒட்டாதேன்னு சொல்றதுக்கு நாமளே ஒட்டறோமா?" என்றாள் மனைவி.

"இது அறிவிப்பு. அது விளம்பரம். வித்தியாசம் தெரியணும்."

மறுநாள் காலையில் வித்தியாசம் தெரிந்தது. முதல்நாள் விளம்பரம் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. இன்றைக்கு ஒன்று கச்சிதமாக ஒட்டப்பட்டிருந்தது, அதுவும் மேட் ஸ்டிக்கரின் மேலேயே. 'முடி கொட்டுகிறதா?' சொரசொரப்பு இல்லாத, வழுக்கவும் வழுக்காத அந்தப் பரப்பில் பசை குழந்தைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே மிஞ்சிய வெற்றிடத்தில் யாரோ நீலப் பேனாவால் 'படித்தோம். நன்றி.' என்று எழுதி, ஒரு கோடும் போட்டிருந்தார்கள். மேட்டில் பேனாவும் நன்றாக எழுதுமாம்.

சர்குலர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு கடைக்குப் போனார்.

"அட, மேட்டுல அந்தத் தொல்லை ஒண்ணு இருக்கு சார்" என்றார் கடைக்காரர், நேற்று அதையே புகழ்ந்த வாயால். "உங்களுக்குக் கிளாஸிதான் சரி. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். எவன் எதை ஒட்டினாலும் வழுக்கிட்டு விழுந்துடும்."

"எனக்கு நேத்தே அந்த சந்தேகம் இருந்தது."

"பழச எடுத்துடாதீங்க, எடுத்தா பெயின்ட்டும் கூட வந்துடும். இதப் பக்கத்துல ஒட்டிடுங்க."

கிளாஸி, மேட்டுக்குப் பக்கத்தில் ஏறியது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. மறுநாள் அதன்மேல் எதுவுமே ஒட்டவில்லை. அதைத் தவிர கேட்டு முழுக்க ஒட்டியிருந்தது. கொசுவலை, பழைய இரும்புக்குப் பேரம், ஜாமீன் இல்லாமல் கடன். ஸ்டிக்கரைச் சுற்றி மரியாதையாக ஒரு சாண் இடம் விட்டு.

"பாத்தியா, ஸ்டிக்கர் மேல ஒருத்தனும் கை வைக்கல!" என்றார் சர்குலர்.

"நாம காப்பாத்த நினைச்சது ஸ்டிக்கரையா, கேட்டையா?"

அதற்குள் எதிர்வீட்டுப் பல் டாக்டர், கையுறையைக் கழற்றாமலே தெருவைத் தாண்டி வந்தார். முன்னறையிலேயே கிளினிக் வைத்திருக்கும் அம்மாள்.

"சார், உங்க கேட்டுல என்ன கண்ணாடியா மாட்டியிருக்கீங்க? காலை வெயில் அதுல பட்டு நேரா என் பேஷண்ட் கண்ணுல அடிக்குது. வாயத் திறன்னா கண்ண மூடறார், கண்ணத் திறன்னா வாய மூடறார். நான் எதைப் பிடுங்கறது?"

"மேடம், அது கிளாஸி ஃபினிஷ்."

"எந்த ஃபினிஷோ, எனக்கு பேஷண்ட் ஃபினிஷ் ஆகிடக் கூடாது."

அவர் போனபின், தெருவில் போன இரண்டு இளைஞர்கள் கேட்டின்முன் நின்றார்கள். சர்குலர் ஆவலோடு எட்டிப் பார்த்தார். அவர்கள் ஸ்டிக்கருக்குள் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டு, சீப்பை ஊதிவிட்டுப் போனார்கள்.

இந்தமுறை கடைக்காரரே கேட்டைப் பார்க்க வந்தார். மேட்டையும் கிளாஸியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தார். 

"சார், நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது" என்றார் கடைசியில். "உங்க வாசகம் ரொம்ப உசத்தி. ஆனா நீளம். 'இங்கு விளம்பரம் ஒட்ட அனுமதி இல்லை'ன்னு மட்டும் போட்டு, ஹாலோகிராம்ல அடிச்சித் தர்றேன். வானவில் மாதிரி மினுக்கும். தெருமுனையிலேர்ந்து தெரியும். கூடவே டிரான்ஸ்பரன்ட்ல ஒண்ணு, கண்ணாடித்தாள் மாதிரி அடியில இருக்கறது தெரியும். காசெல்லாம் வேண்டாம்."

"காசு வேண்டாமா?"

"உங்ககிட்டப் போய் வாங்குவேனா சார்? உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்களுக்குச் செய்யறதே ஒரு பெருமை."

'இதனால் பொதுமக்கள்' வெட்டுப்பட்டதில் சர்குலருக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் விஷயம் தெரிஞ்சவர் என்று இருபது வருட அலுவலக வாழ்க்கையில் ஒருவரும் சொன்னதில்லை. வீட்டுக்குள் வந்து மனைவியிடம் மூன்றுமுறை சொன்னார்.

"காசு வேண்டாம்னு சொல்ற வியாபாரியை நான் பாத்ததே இல்ல" என்றாள் அவள்.

"நீ மரியாதையையே பாத்ததில்ல."

டிரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கரில் கறுப்பு எழுத்து. அதைக் கரும்பச்சைக் கேட்டில் ஒட்டியதும் எழுத்தும் கேட்டும் ஒன்றாகிவிட்டன. ஒட்டியவருக்கே அடுத்த நிமிடம் அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. விரலால் தேடிக் கண்டுபிடித்தார். ஆனால் ஹாலோகிராம் நிஜமாகவே மினுக்கியது. முதல் வரியில் 'இங்கு விளம்பரம் ஒட்ட அனுமதி' என்று கனத்த எழுத்தில் இருந்தது. இரண்டாம் வரியில், அழகுக்காக வெள்ளிநிறத்தில், 'இல்லை'.

வெயில் ஏறியதும் வெள்ளிமேல் வெள்ளி அடித்து, அந்த 'இல்லை' மட்டும் மாயமாய் மறைந்தது.

மதியத்துக்குள் கேட்டில் விரல் வைக்க இடமில்லை. தூரத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் பசை வாளியோடு வந்தார்கள். அதில் ஒருவர் நாகரிகமானவர். கராத்தே வகுப்பு நடத்துபவர். அழைப்பு மணியை அடித்துவிட்டுக் காத்திருந்தார்.

"சார், இந்த ஊர்லயே அனுமதி குடுக்கற ஒரே வீடு உங்களோடதுதான். ரொம்ப சந்தோஷம். எந்த இடத்துல ஒட்டட்டும்?"

சர்குலர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். "இப்படி வாங்க. தலையைச் சாயுங்க. இன்னும் கொஞ்சம். இப்ப இல்லை தெரியுதா?"

"இல்லை சார்."

"ஆங், அதான்! இல்லை!"

"தெரியலைங்கறேன் சார்."

"இல்லைன்னு போட்டிருக்கேன்யா!"

"எங்க சார் இருக்கு?"

"இங்க இருக்கு, இல்லை!"

கராத்தேக்காரர் அவரைக் கவலையோடு பார்த்தார். பிறகு, சண்டை தெரிந்தவர்களுக்கே உரிய பொறுமையோடு, தன் நோட்டீஸைச் சுற்றுச்சுவரில் ஒட்டிவிட்டு நகர்ந்தார்.

இதையெல்லாம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி, தோசைக் கரண்டியோடு இறங்கி வந்தாள். "நாளைக்கு அண்ணன் வர்றார். எல்லாத்தையும் எடுக்கணும். இப்பவே."

"ஹாலோகிராமை மட்டும்..."

"எல்லாத்தையும்னேன்."

விளம்பரக் காகிதங்கள் தண்ணீருக்கு மசிந்தன. ஸ்டிக்கர்கள் மசியவில்லை. மேட், மேல்தோல் மட்டும் உரிந்து அடியில் வெள்ளைப் பஞ்சாக நின்றது. ஹாலோகிராம் மூலையைக்கூடத் தூக்க விடவில்லை. கிளாஸியின் ஒரு ஓரம் மட்டும் ஒத்துழைத்தது. சர்குலர் உற்சாகமாகி ஒரே இழுப்பாக இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பூச்சுப் பெயின்ட்டும் கூடவே வந்தது. அதற்கு அடியில் இருந்த செங்காவிப் பூச்சு, காயம்போலத் தெரிந்தது.

மனைவி தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். அண்ணன் செய்த கேட்டின் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனாள். கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைக்கு ஓடினார். கடைக்காரர் விஷயம் கேட்டு, சொந்தச் சொத்துக்குச் சேதம் வந்ததுபோலப் பதறினார்.

"ஐயையோ, இனிமே ஒண்ணையும் உரிக்காதீங்க சார்! நானே வந்து சரி பண்றேன்."

சொன்னபடியே வந்தார். பாதி உரிந்த மேட்டின்மேல் புது மேட் ஒட்டினார். கிழிந்த கிளாஸிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை நிழல் விழும் பக்கமாக ஒட்டினார். டிரான்ஸ்பரன்ட்டை இந்தமுறை வெள்ளை எழுத்தில் கொண்டுவந்தார். பெயின்ட் பெயர்ந்த இடத்தை மறைக்க, தோல்போல வரிவரியாகப் புடைத்திருக்கும் ஒன்றையும், தொட்டால் வெல்வெட்போல இருக்கும் இன்னொன்றையும் பதித்தார். எல்லாம் ஒரே வரிசை, ஒரே அளவு, ஒரே இடைவெளி. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். கேட்டு அரசாங்க அலுவலகத்தின் தகவல் பலகைபோல ஆகிவிட்டது. இதற்கும் காசு வாங்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் அந்த அதிசயம் நடந்தது.

ஒரு பெரியவர் வந்து கேட்டின்முன் நின்றார். நின்றவர் நகரவில்லை. முதல் ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தார். இரண்டாவதை நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார். தலையாட்டிக்கொண்டே போனார். அவர் போன சிறிதுநேரத்தில் இரண்டு பெண்கள். அதன்பின் ஒரு தம்பதி. ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒருவர்கூட எதையும் ஒட்டவில்லை.

சர்குலர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார்.  இருபது வருடம் எழுதியிருக்கிறார். இப்போதுதான் மனிதர்கள் நின்று படிக்கிறார்கள்.

"பாரு, படிக்கறாங்க" என்றார் மெல்லிய குரலில்.

மனைவியும் எட்டிப் பார்த்தாள். "தடவித் தடவிப் பாக்கறாங்களே. படிக்கறவங்க எதுக்குத் தடவணும்?"

"ஆழமாப் படிக்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வந்து இறங்கினார். ஆஜானுபாகுவான மனிதர், முன்கை முழுக்க நெருப்புப்பொறி பட்ட தழும்புகள். பையைக் கீழே வைத்துவிட்டு, தங்கையைக்கூடப் பார்க்காமல் கேட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ள, நான் செஞ்ச கேட்டு எங்க?"

"பின்னாடி இருக்கு மச்சான்" என்றார் சர்குலர், ஸ்டிக்கர் வரிசையைக் காட்டி.

"இதெல்லாம் என்னது?"

"விளம்பரம் ஒட்டக் கூடாதுன்னு அறிவிப்பு."

"இத்தனையா?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஃபினிஷ் மச்சான். இது மேட், அடக்கமா இருக்கும். இது கிளாஸி, எதுவும் ஒட்டாது. இது ஹாலோகிராம், இப்படிச் சாஞ்சாதான்..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கேட்டுக்குப் பதிலா ஒரு போர்டே செஞ்சு குடுத்திருப்பேனே. இரும்பாவது மிச்சம் ஆகியிருக்கும்." தங்கையின் பக்கம் திரும்பினார். "நீ எப்படிம்மா இதையெல்லாம் பாத்துக்கிட்டு சும்மா இருந்தே?"

"நான் சும்மா எங்கண்ணா இருந்தேன், சுரண்டிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அவள். குரல் உடைந்தது.

சர்குலர் முதல்முறையாக நிமிர்ந்தார். "மச்சான், பெயின்ட் போனது வாஸ்தவம். வருத்தம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து எத்தனை பேர் நின்னு படிச்சிட்டுப் போறாங்க தெரியுமா? தெரு ஜனங்க இல்ல, எங்கெங்கிருந்தோ வர்றாங்க. ஒரு வார்த்தை விடாம படிக்கறாங்க. நான் எழுதினத யாராவது அப்படிப் படிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல. பாக்கணும்னு ஆசைதான்" என்றார் அண்ணன் வறட்டுக் குரலில்.

அவர் வாய் மூடுவதற்குள் ஒரு இளம்பெண் வந்து கேட்டின்முன் நின்றாள். தோளில் ஒரு பெரிய துணிப்பை. மூவரும் வாசற்படிக்குப் பின்வாங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் முதல் ஸ்டிக்கரிலிருந்து ஆரம்பித்தாள். குனிந்தாள். விரல்நுனியால் எழுத்துகளின்மேல் ஓட்டினாள். அடுத்ததற்குப் போனாள். திரும்ப முதலாவதற்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு யோசனை.

அண்ணனின் புருவம் உயர்ந்தது. "அட, நிஜமாவே விடாம பாக்குதே இந்தப் பொண்ணு!"

மனைவியின் முகத்தில்கூட ஒரு தயக்கம் வந்து போனது. ஒருவேளை இந்த மனுஷனைத் தான்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்ற தயக்கம்.

சர்குலர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, எழுதியவருக்கு உரிய கம்பீரத்தோடு கேட்டருகே போனார்.

"என்னம்மா, நிதானமாப் படி, அவசரமே இல்ல. எல்லாம் புரியுதா? ஏதாவது சந்தேகம்னா தயங்காம கேளு."

அந்தப் பெண் பைக்குள்ளிருந்து ஒரு அட்டைப்பெட்டியை வெளியே எடுத்து நீட்டினாள்.

"ஒரே ஒரு சந்தேகம்தான் சார். சாம்பிள் எல்லாம் இந்தக் கேட்டுலதான் ஒட்டி வெச்சிருக்கோம், போய்த் தொட்டுப் பாத்துட்டு வாங்கன்னு ஸ்டிக்கர் கடையில அனுப்பினாங்க. என் சோப்பு டப்பாவுக்கு இதுல எந்த ஃபினிஷ் சார் எடுப்பா இருக்கும்?"